கையில் வாங்கினது கையில் வரணும்

தம்பித்தங்கத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டில், போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். நாகர்கோவில் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தேன். அவன் பழக்கடைப் பக்கமிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். ஒரு கால் நடந்து வந்தது, மற்றக் கால் இழுபட்டு வந்தது. வாதம் வந்து பேச்சும் குழறிப்போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன்; கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். கையில் ஒரு சின்ன ரோஸ் தாள் பொட்டலம் வைத்திருந்தான். அதை வைத்துக்கொண்டே ஜன்னல் கம்பியைத் தட்டினான். "ஏ... ஏ..." என்றான். என் பெயர் ஏசுவடியான். அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. நான் முகத்தைத் திருப்பி, டிரைவர் சீட்டுக்கு மேலே எழுதியிருந்த திருக்குறளை வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். பஸ் புறப்பட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என் வாழ்க்கையில் கிடைத்த நல்ல நாட்களில் அது ஒன்று. பொய் சொல்ல மாட்டேன்.

இன்றைக்கு அவனைப் புதைத்துவிட்டு வருகிறேன். அழப் போகவில்லை. பார்க்கப் போனேன். அது போகட்டும், நீங்கள் எந்த ஊர்? என்ன வேலை? கல்யாண விஷயமாக எந்தக் குடும்பத்தையும் விசாரிக்க வந்தவர் இல்லையே? சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருகிறவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு தடவை கேட்காமல் பேசிவிட்டேன். ஆனால் அதில் என் தப்பு ஒன்றும் கிடையாது. கதையைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

நான் குழித்துறையில் நீலா டாக்கீஸில் ஆப்பரேட்டராக இருந்தேன். படம் ஓட்டுகிற ஆள். படித்து வந்த வேலை இல்லை. பழைய ஆப்பரேட்டர் காய்ச்சலில் விழுந்தபோது, மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த நான் ஓட்டினேன், அவ்வளவுதான். இரண்டு மெஷின். ஒன்றில் ரீல் முடியப்போகும்போது திரையின் மூலையில் ஒரு பொட்டு விழும். அந்தப் பொட்டைப் பார்த்து அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். பதினோரு வருஷத்தில் ஒரு பொட்டைக்கூட நான் தவறவிட்டதில்லை. ஒரு தடவைதான் திரை இருண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தம்பித்தங்கம் தியேட்டர் முதலாளி. 'முதலாளி, முதலாளி' என்று கூப்பிட்ட வாய்தான் இது. இப்போது 'அவன்' என்று சொல்கிறது. அதற்கு முப்பத்திநாலு வருஷம் ஆயிற்று.

அந்த வருஷம் சித்திரையில் திருவனந்தபுரத்தில் ஒரு மலையாளப் படம் சக்கைப்போடு போட்டது. சிரிப்புப் படம். அதன் பேரை நான் சொல்வதில்லை. என் வீட்டில் யாரும் அந்தப் பேரைச் சொல்வதில்லை. வீட்டில் நான் ஒருத்தன்தான், இருந்தாலும் சொல்வதில்லை. எல்லையோரத்துத் தியேட்டர்கள் எல்லாம் அந்தப் படத்துக்கு அடித்துக்கொண்டன. கம்பெனிக்காரன் முன்பணம் கட்டுகிறவனுக்குத்தான் படப் பெட்டி என்று சொல்லிவிட்டான். தம்பித்தங்கத்திடம் முன்பணம் இல்லை. அவனிடம் எப்போதுமே இருந்ததில்லை. வெள்ளைச் சட்டையும் வாசனைப் பவுடரும்தான் இருந்தது.

ஒரு நாள் மாடிப்படி ஏறி என் கேபினுக்கே வந்தான். இரண்டு கையிலும் இரண்டு டீ. முதலாளி டீ கொண்டு வந்தால் தொழிலாளி அப்போதே எழுந்து ஓடிவிட வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இல்லை.

"ஒரு வாரம் வே. இந்த வெள்ளி படம் போடுறோம், அடுத்த வெள்ளி செயின் ஒமக்க கையில. ஒமக்க பெண்டாட்டிக்க கழுத்துல கெடக்கது எனக்க கல்லாப்பெட்டியில கெடக்க மாதிரின்னு நெனச்சுக்கிடும்."

ஐந்து பவுன் சங்கிலி. ஞானப்பூவின் அப்பா ரப்பர் பால் வெட்டிச் சேர்த்துப் போட்டது. ஞானப்பூ என் மனைவி. அதன் கொக்கி லேசாக இளகியிருக்கும். ஞானப்பூ ரவிக்கை தைத்துக் கொடுப்பாள்; தைக்கிற பச்சை நூலை எடுத்து அந்தக் கொக்கியில் சுற்றி வைத்திருந்தாள். நான் அவளிடம் கேட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னேன். அவள் எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் கட்டுகிற மின்னுத்தாலியைச் சங்கிலியிலிருந்து உருவி ஒரு மஞ்சள் சரட்டில் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சங்கிலியை என் உள்ளங்கையில் வைத்தாள். "தியேட்டர் ஓடினா நமக்கும் நல்லதுதானே" என்றாள். அதை நான் கொண்டுபோய்த் தம்பித்தங்கத்தின் கையில் வைத்தேன். என் கையால், அவன் கையில். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் அதை அடகு வைத்து முன்பணம் கட்டினான். படம் நாற்பத்திரண்டு நாள் ஓடியது. தினம் மூன்று காட்சி, ஞாயிற்றுக்கிழமை நாலு. நூற்று முப்பத்திரண்டு காட்சி. நூற்று முப்பத்திரண்டையும் நான் ஓட்டினேன். ஒரு தடவையும் சிரிக்கவில்லை.

கதை இதுதான். ஒருவன் ஊரெல்லாம் கடன் வாங்கிவிட்டுக் கோழிக்கோட்டுக்கு ஓடிப்போகிறான். கடன் கொடுத்த மனுஷன் அவன் முகத்தைப் பார்த்ததில்லை, புரோக்கர் மூலமாகக் கொடுத்தது. தேடிக்கொண்டு கோழிக்கோட்டுக்கே வந்து, ஊர் தெரியாமல் துணைக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைக்கிறார். யாரை வைக்கிறார்? அவனையே. அவனைத் தேடுவதற்கு அவனையே கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறார், சாப்பாடும் வாங்கிக் கொடுக்கிறார். ஒன்பதாவது ரீலில் அவன் வீட்டுக் கதவையே அவர் தட்டுகிறார். அவன் பின்பக்கமாக ஓடிப்போய் உள்ளே நின்று வேறு குரலில் பதில் சொல்கிறான். அந்த இடத்தில் தியேட்டரே குலுங்கும். சிரிப்பு என் கேபின் ஓட்டை வழியாகக் காற்று மாதிரி வந்து முகத்தில் அடிக்கும். கடன் கொடுத்தவன் நாய் மாதிரி அலைகிறான், இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று நினைப்பேன். முடிவு அதைவிட மோசம். எல்லாம் தெரிந்த பிறகு அந்தக் கடன்காரன் கையை நீட்டுகிறான். அவரும் நீட்டிக் குலுக்குகிறார். விளக்கு எரிகிறது, எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கையை வெட்டியிருக்க வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை நாளைக்கு என்றான். இரண்டாவது வெள்ளிக்கிழமை, பியூலாவுக்குக் கல்யாணம் கூடி வருகிறது, பாறசாலைப் பக்கம் நல்ல குடும்பம், உறுதி செய்ய முன்பணம் கொடுக்க வேண்டியிருந்தது, கொஞ்சம் பொறு என்றான். பியூலா அவனுடைய ஒரே மகள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என் கேபினுக்கு வந்து வெட்டிப்போட்ட பிலிம் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போவாள். 'ஆப்பரேட்டர் மாமா' என்று கூப்பிடுவாள். நல்ல பிள்ளைதான். ஆனால் என் பெண்டாட்டி சரட்டோடு கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்க, அவன் மகளுக்கு உறுதி. தியேட்டரில் நாற்காலி போதாமல் ஆட்கள் நின்று பார்க்கிறார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லுங்கள்.

சுவாமியார்மடம் போய்விட்டதா? போகட்டும், நேரம் இருக்கிறது.

இப்போது ரெப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் படக் கம்பெனி பெட்டியோடு ஒரு ஆளையும் அனுப்பும். வசூலில் கம்பெனிக்குப் பங்கு உண்டல்லவா, தியேட்டர்காரன் கணக்கில் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள. அவனைத்தான் ரெப்பு என்போம். தம்பித்தங்கம் ஏமாற்றாமல் இருப்பானா? கேட்டில் நிற்பவன் டிக்கெட்டைக் கிழிக்காமல் வாங்கி வைத்துக்கொள்வான். அதே டிக்கெட் மறுபடி கவுண்டருக்குப் போய் மறுபடி விற்கும். முதலில் வந்த ரெப்பு நாட்டுக்கோழியும் தின்று கள்ளும் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். கம்பெனிக்குச் சந்தேகம் வந்து அவனைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. அடுத்து வரப்போகிறவன் கோட்டயத்துக்காரன், பொல்லாதவன், தான் யார் என்று சொல்லவே மாட்டான், நம்மைப் போல டிக்கெட் எடுத்து உள்ளே வந்து தலையை எண்ணிக்கொண்டு போய்விடுவான் என்று டீக்கடையில் பேச்சு. தம்பித்தங்கம்கூடப் பயந்துபோய்த்தான் இருந்தான்.

நான் காத்திருந்தேன். ஒவ்வொரு காட்சிக்கும் ஓட்டை வழியாக ஆட்களைப் பார்த்தேன். இவனா, அவனா என்று.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை மாட்டினிக்கு ஒரு ஆள் வந்தார். ஐம்பது வயசு. வெள்ளைச் சட்டை, குடை, சட்டைப்பையில் ஒரு சின்ன டயரி. பால்கனி டிக்கெட். படம் போட்டதும் எல்லாரும் திரையைப் பார்த்தார்கள், அவர் ஜனத்தைப் பார்த்தார். வரிசை வரிசையாக விரலை ஆட்டி எண்ணினார். இடைவேளையில் கேட் பக்கம் போய் நின்று பார்த்தார். நாற்காலியை அமுக்கிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். நகத்தால் சுவரைச் சுரண்டிப் பார்த்தார். ரெப்பு எதற்குச் சுவரைச் சுரண்ட வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அடுத்த காட்சிக்கும் டிக்கெட் எடுத்தார். அதோடு எனக்கு உறுதியாகிவிட்டது. அந்தப் படத்தை ஒரே நாளில் இரண்டு தடவை சும்மா பார்க்கிற மனுஷன் உண்டா?

கீழே இறங்கிப் போய்க் கூப்பிட்டேன். "சார், மேல வாங்க. நீங்க ஆருன்னு எனக்குத் தெரியும்."

அவர் திடுக்கிட்டுப் போனார். பிறகு மெதுவாக, "தெரிஞ்சு போச்சா? ஆரிட்டயும் சொல்லண்டாம்" என்றார்.

நீங்களே சொல்லுங்கள். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

கேபினில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். ஆள் எப்படி என்று கேட்டார். சொன்னேன். கிழிக்காத டிக்கெட்டைச் சொன்னேன். கட்டடம் அடகில் இருப்பதைச் சொன்னேன். ஊரில் யார் யாருக்குக் கடன் என்று விரலை மடக்கிச் சொன்னேன். இந்தப் படம் வந்ததே என் பெண்டாட்டி சங்கிலியில்தான் என்று சொன்னேன். நடுவில் பொட்டு விழும்போது எழுந்து மெஷினை மாற்றிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சொன்னேன். ஒன்பதாவது ரீல் வந்தபோது சிரிப்புச் சத்தத்தில் பேச முடியவில்லை; இரண்டு பேரும் நிறுத்தினோம். அவரும் சிரித்தார். பிறகு டயரியில் எழுதினார்.

ஒரு மகள் உண்டல்லவா என்று கேட்டார். உண்டு சார், அந்தக் கல்யாணத்துக்குத்தான் உங்கள் பணமெல்லாம் போகிறது என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார்.

படியிறங்குமுன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வலிய உபகாரம். ஒரு குடும்பத்தைக் காப்பாத்தினீர்" என்றார். வேலை பார்க்கிற கம்பெனியைக் குடும்பம் என்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன். ஞானப்பூ என்ன விசேஷம் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை தெரியும் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனி வண்டி வரவில்லை, பெட்டியைத் தூக்கவில்லை. சனிக்கிழமையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாட்டினி ஓடிக்கொண்டிருக்கும்போது தம்பித்தங்கம் படியேறி வந்தான். கையில் டீ இல்லை. பவுடர் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான். அந்த ஆள் உட்கார்ந்த அதே ஸ்டூல்.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க வேண்டாம்னுட்டாங்க வே" என்றான். "பையனுக்க தாய்மாமன் இஞ்ச வந்து ரெண்டு ஆட்டம் பாத்திருக்கான். நம்ம வண்டவாளம் எல்லாம் கேட்டுட்டுப் போயிருக்கான். நாம பொய் சொன்னதுனால குடுத்த முன்பணம் திரும்பி வராதாம்."

தாய்மாமன் எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"வெள்ளச் சட்ட. ஒரு கொட வச்சிருந்தானாம்."

மெஷினுக்குள் வெளிச்சம் தருகிற இரண்டு கார்பன் குச்சியும் எரிந்து இடைவெளி விழுந்துவிட்டது. கையால் திருகிக் கிட்டே கொண்டு வர வேண்டும். நான் திருகவில்லை. திரை இருண்டது. கீழே விசிலடித்தார்கள், நாற்காலியைத் தட்டினார்கள். அந்த ஒரு தடவைதான். தம்பித்தங்கம் என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. "ஒமக்க காரியத்துக்கு இன்னும் ஒரு மாசம் ஆவும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கார்பனைத் திருகிவிட்டு யோசித்தேன். நான் யாரிடம் சொன்னேன்? ரெப்பிடம் சொன்னேன். அவர் ரெப்பாக இல்லாமல் போனது அவர் குற்றம். நீங்கள் யார் என்று எனக்குத் தெரியும் என்று நான் சொன்னபோது, யார் என்று அவர் கேட்டிருக்கலாமே. மேலும், கடன்காரன் எதற்குக் கல்யாணம் பேச வேண்டும்? அந்தப் பெண்ணுக்கு அப்புறம் ஒன்றும் கூடி வரவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சராகப் போய், அதிலிருந்து ரிட்டயரும் ஆகிவிட்டாள். தியேட்டரை இடித்து இப்போது கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காதாம். அவளுக்குத்தான் ஆகவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை.

படத்தின் கடைசி நாள். பெட்டியைக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, கேட் முன்னால் நின்று அவனைக் கூப்பிட்டேன். டீக்கடையில் ஊரே இருந்தது. எல்லார் காதிலும் விழத்தான் சொன்னேன்.

"எனக்க கையில வாங்கினது எனக்க கையில வரணும். ஒமக்க கையால வரணும். வேற ஆருக்க கையில குடுத்துவிட்டாலும், எனக்க பெண்டாட்டி கையிலயே குடுத்தாலும், அந்தால கொண்டுபோய் ஆத்துல எறிவேன்."

அவன் தலையை ஆட்டினான். கேபின் சாவியை அவன் காலடியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சங்கிலி அதற்குள் ஏலத்தில் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடகுக்கடைக்காரன் உருக்கி வேறு யாருக்கோ மோதிரம் பண்ணியிருப்பான். இல்லாத சங்கிலியை எப்படிக் கையில் வைப்பான்? அதனால்தான் அப்படிக் கேட்டேன். அவன் ஆயுசு முழுக்க ஊர் முன்னால் கடன்காரனாகவே இருக்கட்டும் என்று கேட்டேன். நான் படிக்காதவன், ஆனால் யோசிக்கத் தெரியாதவன் இல்லை.

பிறகு பாருங்கள் அவன் வெட்கங்கெட்டதனத்தை. மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். புது ஆப்பரேட்டருக்குப் பொட்டுப் பார்க்கத் தெரியவில்லை, தினமும் திரை இருளுகிறது என்று ஊரில் பேச்சு. என்னைத் திரும்பக் கூப்பிடத்தான் வந்திருப்பான். முதல் தடவை, பள்ளிக்கூடம் திறந்த வாரம். கதவைத் தட்டினான். நான் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை ஆடி மாசத்து மழை. ஞானப்பூ அப்போது படுத்துவிட்டாள், மூச்சு வாங்கும். அவன் ஜன்னல் பக்கம் வந்து நின்று, "கையை நீட்டும் வே, எனக்குள்ளத முடிச்சிட்டுப் போறேன்" என்றான்.

கையை நீட்டு. எங்கே கேட்ட வசனம் இது? அந்தப் படத்தின் கடைசி ரீல். நூற்று முப்பத்திரண்டு தடவை கேட்டிருக்கிறேன். கடனையும் தின்றுவிட்டு, சினிமாவில் வருகிற மாதிரி கை குலுக்கிக் கணக்கை முடிக்கலாம் என்று வந்திருக்கிறான். நான் ஜன்னலையும் சாத்தினேன்.

படுக்கையிலிருந்து ஞானப்பூ சொன்னாள், "செயின் போனாப் போவுது. மழையில நிக்காவ. கதவத் தொறங்க."

நான் திறக்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

ஆவணியில் போய்விட்டாள். டாக்டர் இருதய வால்வு என்று எழுதிக் கொடுத்தார். சின்ன வயசிலிருந்தே இருந்திருக்கும், முன்னமே கொண்டு வந்திருக்க வேண்டும் என்றார். டாக்டருக்கு என்ன தெரியும்? அந்தச் சரட்டைப் பார்த்துப் பார்த்து உருகித்தான் போனாள். அவள் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமல் உருகுகிறவர்கள்தான் அதிகம். சவப்பெட்டியைக் குழியில் இறக்கும்போது அவன் வந்து தூரத்தில் நின்றான். கிட்டே வந்தால் மண்வெட்டியால் வெட்டுவேன் என்று கத்தினேன். போய்விட்டான். நான் ஊரை விட்டு நாகர்கோவிலுக்கு வந்தேன். அங்கே ஒரு தியேட்டரில் இருபது வருஷம் ஓட்டினேன். அந்தப் படம் அங்கே மறுபடியும் வந்தபோது ஒரு வாரம் லீவு போட்டேன்.

அதற்குப் பிறகு அவனைப் பார்த்தது பஸ் ஸ்டாண்டில்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நேற்று பியூலா போன் பண்ணினாள். அப்பா போய்விட்டார், பெட்டி மூடுவதற்கு முன்னால் நீங்கள் கட்டாயம் வர வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். வாருங்கள் என்றாள். போனேன். கூட்டம் அதிகமில்லை. அவன் மெலிந்து சின்னப்பிள்ளை மாதிரி கிடந்தான். யாரோ பவுடர் போட்டு விட்டிருந்தார்கள்.

பியூலாவுக்குத் தலை நரைத்துவிட்டது. என்னைப் பெட்டியின் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள். சத்தமில்லாமல்தான் பேசினாள்.

"ஆப்பரேட்டர் மாமா, கையில வாங்கினத கையிலதான் தரணும்னு நீங்க சொன்னீங்க. அப்பா வேற ஆருகிட்டயும் குடுக்கல. அதான் அப்பாக்க கையிலேயே வச்சிருக்கேன். எடுத்துக்கிடுங்க."

நெஞ்சின் மேல் மடித்து வைத்திருந்த கைக்குள் அந்த ரோஸ் தாள் பொட்டலம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் பார்த்த அதே பொட்டலம். தாள் நைந்து வெளுத்திருந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள், பாதிரியார் ஜெபப் புத்தகத்தை விரலில் மடக்கிக்கொண்டு நிற்கிறார். விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக விலக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன்.

எப்போது மீட்டது என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

"கல்யாணம் முடங்கின கையோட. எனக்க வளையல வித்து அப்பா மீட்டாவ. இனி இது எதுக்குன்னு நான்தான் கழற்றிக் குடுத்தேன்" என்றாள். பிறகு சொன்னாள், "அந்தத் தாய்மாமன்கிட்ட சொன்னது நீங்கதான்னு அப்பாவுக்கு அந்த வாரமே தெரியும் மாமா. கல்யாணத் தரகர் வந்து சொல்லிட்டாரு."

பெண்பிள்ளைகள் அப்பனை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், அது உலகத்தில் உள்ளதுதான். சரி, அவனுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். தெரிந்தால் ஏன் என்னிடம் கேட்கவில்லை? 'ஏன்டா என் மகள் வாழ்க்கையைக் கெடுத்தாய்' என்று வந்து சட்டையைப் பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். அவனுக்கும் எனக்கும் சரியாகப் போயிருக்கும். கேட்கவில்லை. முப்பத்திநாலு வருஷம் கேட்காமலே இருந்துவிட்டுச் செத்துப்போய்விட்டான். இது என்ன கணக்கு? கடன் வாங்கினவன் அவன். இன்றைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது எல்லாரும் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்தால், வாங்கினவன் நான் மாதிரி இருந்தது. ஆளைப் பாருங்கள், சாவிலும் தப்பித்துக்கொண்டான். நான் இதை மன்னிக்க மாட்டேன்.

மண் போடச் சொன்னார்கள். ஒரு பிடி போட்டேன். முறைக்காகத்தான்.

பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. அங்கே அத்தனை பேர் முன்னால் பிரிக்க மனசு வரவில்லை. சட்டைப்பையில்தான் இருக்கிறது. உங்களிடம் கண்ணாடி இருக்கிறதா? நீங்களே பிரித்துப் பாருங்கள். மெதுவாக, தாள் பழசு. உள்ளே ஒரு சீட்டும் இருக்கும் போலிருக்கிறது. அடகுக்கடைச் சீட்டுதான். தேதியை வாசியுங்கள். ஜூன் ஒன்பதா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த வருஷமேதானா?

ஜூன் ஒன்பது என்றால் பள்ளிக்கூடம் திறந்த வாரம்.

சீட்டில் தேதி எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். கடைக்காரனும் அவனும் ஒரே தெருக்காரர்கள். சங்கிலிகூட வேறு சங்கிலியாக இருக்கும். பழசு உருகித்தானே போயிற்று, இது அதே மாதிரி செய்து வாங்கினதாக இருக்கும். ஐந்து பவுனில் ஊரில் ஆயிரம் சங்கிலி உண்டு. கொடுங்கள், நான் பார்க்கிறேன்.

பார்வதிபுரம் வந்துவிட்டது. நீங்கள் இங்கேதான் இறங்க வேண்டும் என்றீர்கள். இறங்குங்கள், நான் வடசேரி போக வேண்டும்.

கொக்கியில் பச்சை நூல் சுற்றியிருக்கிறது.